உடையாத வலது பக்கம்

ஜூன் 9

அண்ணிக்கு,

இதைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். கிழிப்பதென்றாலும் படித்துவிட்டுக் கிழியுங்கள். போனை எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். குறுஞ்செய்தி அனுப்பினால் நீங்கள் பார்த்ததற்கான அடையாளம் மட்டும் வருகிறது, பதில் வருவதில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன். அண்ணன் இருந்திருந்தால், "குள்ளி எழுத்த மருந்துக் கடையில காட்டித்தான் படிக்கணும்" என்று சொல்லியிருப்பார்.

விசாரணை அறிக்கை உங்களுக்கும் வந்திருக்கும். "விமானி வயல்களுக்கு மேல் வரம்பு மீறிய கூர்மையுடன் விமானத்தைத் திருப்பியதால் ஏற்பட்ட மிகையான பளுவே காரணம் எனக் கருதப்படுகிறது." கருதப்படுகிறதாம். பதினோரு வருடம் வயல்களுக்கு மேல் மருந்து தெளித்த மனிதரை ஒரே வரியில் மடித்து உறையில் போட்டுவிட்டார்கள்.

என் மேல் உங்களுக்கு இருக்கும் கோபம் தெரியும். விசாரணை அன்று வராந்தாவில் எல்லோர் முன்னாலும் கேட்டீர்களே, "நீ அவருக்குத் தங்கச்சியா, அந்த விமானக் கம்பெனிக்குத் தங்கச்சியா?" என்று. அதற்குப் பதில் சொல்ல நான் இதை எழுதவில்லை.

அந்த விமானத்தின் இறக்கையைக் கீழிருந்து சாய்வாகத் தாங்கும் கம்பம் ஒன்று உண்டு. அந்தக் கம்பமும் விமானத்தின் உடலும் சேரும் இடத்தில் உள்ளங்கை அளவில் ஓர் அலுமினியத் துண்டு இருக்கும். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. அன்று உடைந்தது இடது பக்கத் துண்டு. அதைத்தான் படம் எடுத்தார்கள், பெட்டியில் போட்டுப் பூட்டினார்கள். வலது பக்கத் துண்டை யாரும் தேடவே இல்லை. உடையாததை யார் விசாரிக்கப்போகிறார்கள்?

நேற்று மெக்கானிக்கிடம் பேசினேன். "அண்ணனோட விமானத்துலருந்து ஏதாவது ஒண்ணு வேணும்னு அண்ணி கேட்டாங்க. முழுசா இருந்தது அது ஒண்ணுதான். கழட்டிக் குடுத்துட்டேன்" என்றார்.

அண்ணி, அந்தத் துண்டை எனக்குத் தர முடியுமா? எங்கள் சோதனைக்கூடத்தில் அதை இயந்திரத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். கொடுத்தால் முழுசாகத் திரும்பி வரும் என்று சொல்ல மாட்டேன். பெரும்பாலும் வராது.

சின்னவளுக்கு என் முத்தம்.

குள்ளி

&nbsp;

ஜூன் 17

சோதனைக்கூட அம்மாளுக்கு,

கிழிக்கத்தான் எடுத்தேன். உறையின் மேல் இருந்த கோழிக்கிறுக்கலைப் பார்த்ததும் அவர் சிரிப்பது போல் இருந்தது. அதனால் பிழைத்தது.

அந்த விசாரணை அதிகாரி உன்னிடம் என்ன கேட்டார்? "நீங்க உலோகம் தெரிஞ்சவங்க. விமானி அதிகமா வளைச்சதால உடைஞ்சிருக்கலாமா?" நீ என்ன சொன்னாய்? "இருக்கலாம்." வராந்தாவில் வந்து எனக்கு விளக்கம் வேறு: "இருக்கலாம்னா இல்லாமலும் இருக்கலாம்னுதான் அண்ணி அர்த்தம்." அந்த மனிதர் எழுதிக்கொண்டது முதல் பாதியை மட்டும். கூடப் பிறந்தவளே "இருக்கலாம்" என்று சொன்ன பிறகு வேற்று மனிதன் வேறு என்ன எழுதுவான்?

போன வாரம் சின்னவள் பள்ளியிலிருந்து வந்து பையைக்கூடக் கழற்றாமல் நின்றாள். "அம்மா, அப்பா வானத்துல பல்டி அடிச்சாரா?" என்றாள். "யாருடி சொன்னா?" என்றேன். "எல்லாரும்" என்றாள். எல்லாரும் என்றால் அவள் வகுப்பில் முப்பது பிள்ளைகள். முப்பது வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் என் புருஷன் பல்டி அடித்துக்கொண்டிருக்கிறார்.

நான் நாள் முழுக்க நீச்சல் குளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று அடுத்தவர் பிள்ளைகளுக்கு மூச்சுவிடச் சொல்லிக்கொடுக்கிறேன். "மூக்கால் விடு, வாயால் இழு" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. வீட்டுக்கு வந்தால் எனக்கு மூச்சுவிட மறந்துபோகிறது.

நீ கேட்கும் துண்டு சமையலறை ஜன்னலில் இருக்கிறது, உப்பு டப்பாவுக்கும் தீப்பெட்டிக்கும் நடுவில். அவர் உடம்பை எனக்கு முழுசாகக் காட்டவில்லை. "பார்க்க வேண்டாம்மா" என்று தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார்கள். அன்றைக்குக் கீழே விழுந்ததில் முழுசாக என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது அது ஒன்றுதான். அதை உடைக்கத் தா என்கிறாய்.

தர மாட்டேன்.

நீ இத்தனை வருடமாக உலோகத்தை உடைத்து உடைத்துப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறாயே, எனக்கு ஒன்று மட்டும் எழுது. ஏன் அன்றைக்கு? ஏன் அதற்கு முந்தின நாள் அவர் விடுமுறையில் வீட்டில் தூங்கியபோது இல்லை? அவருக்குப் பின்னால் அதே வயலில் அவர் கூட்டாளி ஒல்லியும் பறந்துகொண்டிருந்தானே, ஏன் அவனுடைய விமானம் இல்லை? ஒல்லி நன்றாக இருக்கட்டும். ஆனால் கேட்கத் தோன்றுகிறது.

அண்ணி

&nbsp;

ஜூன் 28

அண்ணிக்கு,

"தர மாட்டேன்" என்பதை ஏற்றுக்கொள்கிறேன். நீங்கள் கேட்டதற்கு மட்டும் எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன். புரியாவிட்டால் என்னைத் திட்டுங்கள், அறிவியலைத் திட்டாதீர்கள்.

ஒரு கம்பியை இப்படியும் அப்படியுமாக வளைத்துக்கொண்டே இருந்தால் உடைந்துவிடும் இல்லையா? ஒரு தடவை வளைத்தால் ஒன்றும் ஆகாது. திரும்பத் திரும்ப வளைத்தால் களைத்துப்போகும். அதை உலோகச் சோர்வு என்போம். விமானத்தின் துண்டும் அப்படித்தான். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் கொஞ்சம் இழுபடும், பிறகு விடுபடும்.

இப்போது கேளுங்கள். ஒரே அலுமினியக் கட்டி, ஒரே உலையில் ஒரே நாளில் ஊற்றியது. அதிலிருந்து பத்துத் துண்டு அறுத்து, ஒரே மாதிரி கடைந்து, ஒரே இயந்திரத்தில் ஒரே பளுவில் ஓட்டினால் பத்தும் கிட்டத்தட்ட சேர்ந்தே உடைய வேண்டும். ஆனால் ஒன்று மதியச் சாப்பாட்டுக்குள் உடையும். இன்னொன்று வாரக்கணக்கில் ஓடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான்தான் எதையோ தப்பாக மாட்டிவிட்டேன் என்று கழிவறையில் போய் அழுதேன். என் மேலதிகாரி கதவுக்கு வெளியே நின்று, "வெளிய வாம்மா, அது உன் தப்பில்ல. அதோட குணமே அதுதான்" என்றார். இந்த வித்தியாசத்துக்கு எங்கள் தொழிலில் சிதறல் என்று பெயர்.

அண்ணனிடம் இதைச் சொன்னபோது அவர் ஊரெல்லாம் பரப்பினார்: "என் தங்கச்சி வீட்ல டம்ளர ஓசிக்கு உடைச்சா. இப்ப சம்பளம் வாங்கிட்டு உடைக்கிறா."

இதில் உங்களுக்கு முக்கியமான ஒன்று இருக்கிறது. வரம்பு மீறி இழுத்தால் துண்டுகள் பெரும்பாலும் சேர்ந்தேதான் போகும். வித்தியாசம் அதிகம் இருக்காது. அன்றாட, லேசான பளுவில்தான் சிதறல் பெரிது. ஒன்று சீக்கிரம் போகும், இன்னொன்று போகவே போகாது.

விமானம் திரும்பும்போது இரண்டு இறக்கையும் ஏறக்குறைய ஒரே அளவு இழுபடும். அந்த இரண்டு துண்டுகளும் ஒரே நாளில் மாட்டியவை. அண்ணனோடு ஒரே வாழ்க்கை வாழ்ந்தவை. அண்ணன் நிஜமாகவே வரம்பு மீறித் திருப்பியிருந்தால் வலது துண்டும் சாகும் நிலையில் இருக்கும், இயந்திரத்தில் போட்டதும் காட்டிக்கொடுத்துவிடும். அது தெம்பாக இருந்தால், அவர் எல்லோரையும் போலத்தான் ஓட்டினார், இடது துண்டு சீக்கிரம் போகிற ஜாதி என்று அர்த்தம். உடைந்த துண்டை வைத்து இதைச் சொல்ல முடியவில்லை. அது உடைந்த இடத்தின் முகங்கள் உரசித் தேய்ந்து போயிருந்தன. அதனால்தான் அன்று நான் "இருக்கலாம்" என்றேன். தெரியாததைத் தெரியும் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை அண்ணி. அவர் என் அண்ணன் என்பதால் துளிகூட எழவில்லை.

சோதனை அவருக்கு எதிராகவும் முடியலாம். இதை மறைத்து உங்களிடம் வாங்கினால் நான் மனுஷியே இல்லை.

ஏன் அன்றைக்கு என்று கேட்டீர்கள். தெரியவில்லை. எத்தனை துண்டுகளை உடைத்தாலும், ஆயிரத்தில் இத்தனை சீக்கிரம் போகும் என்று சொல்லத் தெரியும். எந்தத் துண்டு, எந்த நாள் என்று சொல்ல எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

குள்ளி

&nbsp;

ஜூலை 15

குள்ளி,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை கோபம், இரண்டாவது தடவை தலைவலி, மூன்றாவது தடவை பயம்.

பயம் எதற்கென்றால், அவர் எப்படி ஓட்டுவார் என்று எனக்குத் தெரியாது. பதினோரு வருடம் கூடவே இருந்தேன். எந்தப் பக்கம் ஒருக்களித்துத் தூங்குவார், கோபம் வந்தால் எந்தக் கதவைச் சாத்துவார், பல் தேய்க்கும்போது எந்தப் பாட்டை முனகுவார், எல்லாம் தெரியும். மேலே போன பிறகு அவர் எப்படி இருப்பார் என்று மட்டும் தெரியாது. "இன்னைக்கு எப்படி?" என்றால் "காத்து இருந்துச்சு" என்பார். இல்லாவிட்டால் "காத்து இல்ல" என்பார். அவ்வளவுதான் அவர் வேலையைப் பற்றி எனக்குச் சொன்னது. அதனால் அந்த அறிக்கையைப் படித்தபோது, யார் மேலும் சத்தியம் பண்ணி "பொய்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன்னை வராந்தாவில் அப்படிக் கேட்டேனே, உள்ளுக்குள் எனக்கும் அதே "இருக்கலாம்"தான்.

ஒல்லியின் மனைவி இப்போது குளத்துக்கு வருகிறாள். ஏழாவது மாதம். இடுப்பு வலிக்குத் தண்ணீரில் நடக்கச் சொல்லியிருக்கிறார்களாம். நேற்று நடந்துகொண்டே இருந்தவள் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, இவர் பறக்குறத கொஞ்ச நாள் நிறுத்தச் சொன்னேன். 'அண்ணன் பல்டி அடிச்சாரு, நான் அடிக்கலயே, எனக்கு என்ன ஆகும்'கிறாரு."

நான் அவளைக் குளத்தின் ஓரமாக நகர்த்திக்கொண்டு போனேன்.

"உங்க மனசு நோகுமேன்னுதான் இத்தனை நாள் கேக்கல அக்கா. அவர் சொல்றதக் கேட்டு நான் நிம்மதியா இருக்கவா, பயப்படவா?"

முகமெல்லாம் நனைந்திருந்தது. குளத்தில் நின்றுகொண்டு அழுவதில் ஒரு வசதி, பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. இரண்டு பேரும் அந்த வசதியைப் பயன்படுத்திக்கொண்டோம்.

வீட்டுக்கு வந்து ஜன்னலைப் பார்த்தேன். ஒல்லியின் விமானத்திலும் இதே போல் இரண்டு இருக்கும் இல்லையா? அந்தத் துண்டுகள் எந்த ஜாதி?

மெக்கானிக் வியாழக்கிழமை உங்கள் பக்கம் வருகிறார். அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். சின்னவளின் குளிர்காலக் காலுறை ஒன்றில் போட்டிருக்கிறேன். காலுறையைத் திருப்பி அனுப்பிவிடு, ஜோடி போய்விடும்.

என்னிடம் "இருக்கலாம்" என்று மட்டும் எழுதாதே. ஆமாம் என்றால் ஆமாம், இல்லை என்றால் இல்லை. நான் தாங்கிக்கொள்வேன். தாங்காவிட்டாலும் அது என் பாடு.

அண்ணி

&nbsp;

ஜூலை 27

அண்ணிக்கு,

வந்து சேர்ந்தது. காலுறையை இதோடு வைத்திருக்கிறேன். துவைத்துவிட்டேன், சுருங்கியிருந்தால் மன்னிக்கவும்.

நான் அதைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தங்கை தொட்டால் நாளைக்கு யாரும் முடிவை நம்ப மாட்டார்கள். சரிதான். எண் சரிபார்த்தது, படம் எடுத்தது, சாயம் தடவி விரிசல் தேடியது எல்லாம் மேலதிகாரியே. தரையில் போட்டிருக்கும் மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். விரிசல் கண்ணில் படவில்லை. அதனால் ஒன்றும் உறுதியில்லை, கண்ணுக்குத் தெரியாத விரிசல்களோடுதான் எங்கள் பிழைப்பே.

விசாரணை அலுவலகத்துக்கு மேலதிகாரி எழுதிக் கேட்டார். சாட்சிக்கு ஓர் ஆளை அனுப்பினார்கள். கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத மனிதர். துண்டை இயந்திரத்தின் இரண்டு தாடைகளுக்கும் நடுவில் மாட்டி இறுக்கினார்கள். சாதாரணமாகத் திரும்பும்போது எவ்வளவு இழுபடுமோ அவ்வளவு பளு. எல்லோரும் இரைச்சலுக்குக் காதை மூடிக்கொண்டோம். வழக்கமாக ஒரு துண்டு ஓட ஆரம்பித்ததும் டீ குடிக்கப் போய்விடுவோம். அன்று யாரும் போகவில்லை. கடைசல் பிரிவிலிருந்தும் இரண்டு பேர் வந்து சுவரோரமாக நின்றார்கள். நான் யாருடைய தங்கை என்று தெரிந்திருக்கிறது.

இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. காலையில் வந்ததும் கதவுக்கு வெளியே நின்று சத்தம் கேட்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.

குள்ளி

&nbsp;

ஆகஸ்ட் 8

குள்ளி,

ஓடுகிறதா?

அடுப்பைப் பற்றவைக்கும்போதெல்லாம் ஜன்னலில் கை போகிறது. "அது எங்க?" என்று சின்னவள் கேட்டாள். "அத்தை வீட்டுக்குப் போயிருக்கு" என்றேன். "எதுக்கு?" "பரீட்சைக்கு." "பாஸ் ஆயிடுமா?" என்ன சொல்வேன்? "நல்லா படிச்சிருக்கு" என்று சொல்லி வைத்தேன். மறுநாள் பள்ளிக்குப் போகும்போது ஜன்னலைப் பார்த்து, பரீட்சைக்குப் போகிறவர்களுக்குக் கை காட்டுவது போல் கை காட்டிவிட்டுப் போனாள்.

ஒல்லி இன்னும் பறந்துகொண்டிருக்கிறான். அவன் விமானம் மேலே போகும்போது நானும் அவன் மனைவியும் குளத்தில் அப்படியே நின்றுவிடுகிறோம். பிள்ளைகள், "டீச்சர், நாங்க மூழ்கிட்டிருக்கோம்" என்று கத்துகிறார்கள்.

இரண்டு வரி எழுது. ஒரு வரியானாலும் எழுது.

அண்ணி

&nbsp;

ஆகஸ்ட் 26

அண்ணி,

இல்லை.

அண்ணன் வரம்பு மீறித் திருப்பவில்லை. இதை நான் மட்டும் சொல்லவில்லை. என் மேலதிகாரி, கண்ணாடிக்காரர், விமானக் கம்பெனி அனுப்பிய ஆள், மூவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

வலது துண்டு உடையவில்லை. அண்ணனோடு அது பறந்த காலத்தைப் போல் நாலு மடங்கு ஓடிவிட்டது, இன்னும் ஓடுகிறது. வரம்பு மீறி இழுபட்ட துண்டு இப்படி ஓடாது. இதற்குப் பிறகு, பெட்டியில் பூட்டி வைத்திருந்த இடது துண்டையும் மறுபடி திறந்தார்கள். உரசித் தேய்ந்த முகத்தில் ஒரு மூலை மட்டும் தப்பியிருந்தது. நுண்ணோக்கியில் பார்த்தால், மேல்தோலுக்குச் சற்றுக் கீழே ஒரு மெல்லிய ஆடை. பால் காய்ச்சும்போது மேலே ஏடு படியும் இல்லையா, உருகிய அலுமினியத்தின் மேலும் அப்படிப் படியும். ஊற்றும்போது அதில் ஒரு துணுக்கு மடிந்து உள்ளே போய் மாட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு சர்க்கரைப் பரலை விடச் சின்னது. விதிமுறை அனுமதிக்கிற அளவுக்குள்தான் இருக்கிறது. அது இருந்தும் காலமெல்லாம் ஓடுகிற துண்டுகள் உண்டு. இந்தத் துண்டில் அது இருக்கக் கூடாத இடத்தில் இருந்தது. விரிசல் அங்கிருந்து கிளம்பியிருக்கிறது.

பழைய அறிக்கையைத் திரும்பப் பெறுகிறார்கள். அந்த வகை விமானங்கள் எல்லாவற்றையும் தரையில் நிறுத்தச் சொல்லி உத்தரவு போய்விட்டது. இனி அந்தத் துண்டை இப்போதைய காலத்தில் மூன்றில் ஒரு பங்கு ஓடியதுமே கழற்றி எறிய வேண்டும். நல்ல துண்டுகளும் வீணாகப் போகும். போகட்டும். சராசரியை நம்பி யாரும் மேலே ஏறக் கூடாது, இருப்பதிலேயே மோசமான துண்டை நினைத்துத்தான் ஏற வேண்டும்.

சின்னவளிடம் சொல்லுங்கள், அவள் அப்பா பல்டி அடிக்கவில்லை. அந்த முப்பது வீடுகளுக்கும் நானே போய்ச் சொல்லட்டுமா?

நீங்கள் இன்றாவது நன்றாகத் தூங்குவீர்கள் என்று நினைக்கிறேன்.

குள்ளி

&nbsp;

செப்டம்பர் 5

குள்ளி,

தூங்கவில்லை.

நீ செய்தது பெரிய காரியம். எனக்குத் தெரியும். ஒல்லியின் மனைவி வீட்டுக்கே வந்து, வயிற்றைத் தூக்கிக்கொண்டு படியேறி, வாசலிலேயே என்னைக் கட்டிக்கொண்டாள். ஒல்லி வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரோடெல்லாம் சண்டை போடுகிறானாம். "சண்ட போடட்டும் அக்கா, கீழ உக்காந்து போடட்டும்" என்று சிரித்தாள். சின்னவளின் ஆசிரியை வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் எடுத்துச் சொன்னாராம். எல்லோரும் நல்லவர்களாகிவிட்டார்கள்.

உன்னிடம் மட்டும் சொல்கிறேன். இந்த ஏழு மாதமும் நான் அவர் மேல் கோபமாக இருந்தேன். உன்னைத் திட்டியது, அதிகாரியைத் திட்டியது எல்லாம் வெளியே. உள்ளே திட்டியது அவரை. காலையில் எழுந்ததும், "ஏன்யா அப்படித் திருப்புன? வீட்ல ரெண்டு பேர் இருக்கோம்னு நெனப்பில்லையா?" என்று கேட்பேன். சாப்பிடும்போது கேட்பேன். துணி மடிக்கும்போது கேட்பேன். அவர் பதில் சொல்லாமல் நிற்பார். எப்போதும் அப்படித்தானே, நான் கத்தினால் அவர் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார். வீட்டில் சண்டை நடந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான் என்று இருந்தது. சண்டைக்கு எதிராளி இருந்தார்.

உன் கடிதம் வந்த அன்று பழக்கத்தில் "ஏன்யா" என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை. அவர் ஒன்றும் பண்ணவில்லை. யாரும் ஒன்றும் பண்ணவில்லை. ஊற்றியவன் ஒழுங்காக ஊற்றியிருக்கிறான், மாட்டியவன் ஒழுங்காக மாட்டியிருக்கிறான், இவர் ஒழுங்காக ஓட்டியிருக்கிறார். பாலேடு போல் ஒரு துணுக்கு. சர்க்கரைப் பரலை விடச் சின்னது. அதன் முகத்தைப் பார்த்து நான் எப்படிக் கத்துவது?

அவர் மேல் தப்பில்லை என்று தெரிந்த அன்றுதான் குள்ளி, எனக்கு அவர் செத்தார்.

சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சின்னவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அடுப்பில் தண்ணீர் கொதித்து வற்றிப் பாத்திரம் கருகும் வரை இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

அந்தத் துண்டு இன்னும் ஓடுகிறதா? போதும், நிறுத்தச் சொல்லு. அதுவும் எவ்வளவுதான் ஓடும்.

அண்ணி

&nbsp;

செப்டம்பர் 14

அண்ணி,

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் வைத்துப் படித்திருக்கக் கூடாது. கடைசல் பிரிவுக்காரர் ஒருவர் என்ன ஏது என்று கேட்காமல் என் மேசையில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துவிட்டுப் போனார்.

எனக்கும் ஒன்று சொல்ல இருக்கிறது. நான் இந்த மாதங்களில் ஒரு தடவைகூட ஒழுங்காக அழவில்லை. வேலை இருந்தது. யாரைப் பார்க்க வேண்டும், எதை எழுத வேண்டும், எந்தப் பெட்டியைத் திறக்கக் கேட்க வேண்டும் என்று ஏதோ ஒன்று தினமும் இருந்தது. முடிவு வந்தால் அண்ணனை மீட்டுவிடுவேன் என்கிற மாதிரி ஓடினேன். கையெழுத்தெல்லாம் ஆனபிறகு அவருக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று போனை எடுத்தேன். அவர் பெயரை அழுத்தவும் செய்தேன். இந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது.

மேலதிகாரியிடம் நிறுத்துவது பற்றிக் கேட்டேன். முதலில் தயங்கினார். எங்களுக்கு ஒவ்வொரு துண்டும் உடைகிற இடம் வரை வேண்டும். பிறகு, "ஒப்புக்கிட்ட அளவு ஓடியாச்சு. இது உடையலேன்னு போட்டு அம்புக்குறி வச்சுக்கலாம்" என்றார். உடையாமல் நிறுத்திய துண்டுக்கு வரைபடத்தில் புள்ளி வைத்து, அதன் பக்கத்தில் வலது பக்கம் பார்த்து ஓர் அம்புக்குறி போடுவோம். இன்னும் போயிருக்கும், எவ்வளவு என்று தெரியாது என்று அர்த்தம்.

"உங்க அண்ணியே வந்து நிறுத்தட்டுமே. வரச் சொல்லு" என்றும் சொன்னார். இதுவரை அவர் வெளியாட்களை அந்த அறைக்குள் விட்டதில்லை.

வருகிறீர்களா? சின்னவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவளுக்கு அளவான காதடைப்பான் இங்கே இல்லை, பஞ்சு வைத்துக்கொள்ளலாம். பஸ் நிலையத்தில் நான் நிற்கிறேன்.

குள்ளி

&nbsp;

செப்டம்பர் 30

குள்ளி,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். சின்னவள் பள்ளிக்குப் போய், தன் அத்தை வீட்டில் யானை போல் கத்தும் இயந்திரம் இருப்பதாகவும் அதைத் தன் அம்மா ஒரே விரலால் அடக்கிவிட்டதாகவும் சொல்லியிருக்கிறாள். முப்பது வீட்டுக்கும் இப்போது அந்தச் செய்தி போயிருக்கும்.

நேரில் உன்னிடம் சொல்ல முடியாததை எழுதுகிறேன். பஸ் நிலையத்தில் நீ பக்கத்தில் நின்றும் சொல்ல வாய் வரவில்லை.

அந்தச் சிவப்புப் பொத்தானை அழுத்தியதும் சத்தம் நின்றதே, அப்போது எல்லோரும் என்னைப் பார்த்தீர்கள். நான் அழுவேன் என்று நினைத்திருப்பீர்கள். எனக்கு ஒன்றும் வரவில்லை. கடையில் மின்விசிறியை நிறுத்தியது போலத்தான் இருந்தது. உன் மேலதிகாரி தாடைகளைத் தளர்த்தி, துண்டை எடுத்து, துணியால் எண்ணெயைத் துடைத்து, சாமான் கொடுப்பது போல் இல்லாமல் இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார். வாங்கினேன். நான் சட்டென்று கையை மூடிக்கொண்டேன். "என்ன அண்ணி, கனமா இருக்கா?" என்று கேட்டாய். இல்லை என்று தலையாட்டினேன்.

அது சூடாக இருந்தது குள்ளி.

நிறைய இல்லை. காய்ச்சல் இல்லாத மனிதக் கை இருக்குமே, அந்த அளவு. நான் எதிர்பார்க்கவில்லை. இயந்திரத்தின் எண்ணெய்ச் சூடு ஏறியிருக்கும் என்று நீ சொல்வாய். சரிதான், எண்ணெய்ச் சூடுதான். ஆனால் பிப்ரவரிக்குப் பிறகு அவருடையது என்று நான் தொட்ட எதுவும் சூடாக இருந்ததில்லை. சட்டை, செருப்பு, சீப்பு, தலையணையின் அவர் பக்கம், எதுவும்.

அதனால்தான் உன் மேலதிகாரிக்கு நன்றிகூடச் சொல்லாமல் வெளியே வந்தேன். அதனால்தான் நேராகப் பஸ் நிலையம் போகலாம் என்று பிடிவாதம் பிடித்தேன். "சாப்பிட்டுப் போங்க அண்ணி" என்று கெஞ்சினாய். இரண்டு கையும் மூடியிருக்கும்போது எப்படிச் சாப்பிடுவது? நீ கொடுத்த பொட்டலத்தைச் சின்னவள்தான் வாங்கிக்கொண்டாள். உனக்குக் கை காட்டியதும் அவள்தான். நான் திமிர் பிடித்து உட்கார்ந்திருந்தேன் என்று நீ நினைத்திருக்கலாம்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் காற்று அடித்தது. நடுவில் மாறி உட்கார்ந்தேன். வயிற்றோடு சேர்த்து வைத்துக் குனிந்துகொண்டேன். "அம்மா, வயிறு வலிக்குதா?" என்றாள் சின்னவள். பிறகு என் மடியில் தலை வைத்துத் தூங்கிவிட்டாள். கண்டக்டர் டிக்கெட் கேட்டபோதுகூட முழங்கையால் பையைக் காட்டி, "நீங்களே எடுத்துக்குங்க" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

பாலம் தாண்டும் வரை இருந்தது. அதற்குப் பிறகு, அது என் கைச் சூடா, அதன் சூடா என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து, கதவைத் திறக்கச் சாவி எடுக்க வேண்டுமே என்று ஒரு கையை எடுத்தேன். அப்போது தெரிந்தது, அது என் கைச் சூடுதான் என்று.

அண்ணி